வாரச் சமையல்: எதை முன்கூட்டி முடிவு செய்யலாம், எதைச் சந்தைக்கு விட்டுவைக்கலாம்

மயிலாடுதுறையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவரும் மனைவியும் காலை எட்டேகாலுக்குள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர், சர்க்கரை நோய் உள்ள அம்மா ஒருவர். வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி கடையில் பார்சல் வாங்கிவிடுகிறார்கள். அதே வாரத்தில் ஃப்ரிட்ஜில் கீரையும் கத்தரிக்காயும் அழுகிக் குப்பைக்குப் போகின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் வாரம் முழுவதற்கும் சமைத்து டப்பா டப்பாவாக அடுக்கிவைக்கும் வீடியோக்களைப் பார்த்திருக்கிறார். அது நம் சாப்பாட்டுக்கு ஒத்துவருமா, உண்மையிலேயே பணமும் நேரமும் மிச்சமாகுமா, இதற்கென்று தனியாக ஒரு ஃப்ரீசர் வாங்கலாமா என்று கேட்கிறார்.

இந்த வீட்டில் சமைக்கத் தெரியாதவர்கள் யாரும் இல்லை என்பது கேள்வியிலேயே தெரிகிறது. ராத்திரி ஏழு மணிக்குக் களைத்து வந்து நிற்கும்போது ‘இன்னைக்கு என்ன பண்றது’ என்று முடிவெடுக்கத்தான் யாருக்கும் தெம்பில்லை. அந்த நிமிஷத்தில்தான் பார்சலுக்கு போன் போகிறது. ஆகவே அவர் உண்மையில் கேட்பது, இந்த முடிவுகளில் எவற்றை முன்பே எடுத்துவைக்கலாம், எவ்வளவு தூரம் எடுத்துவைக்கலாம் என்பதுதான். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். நான் மனையியல் படித்து, பாடம் நடத்தி, தஞ்சாவூரில் ஒரு மகளிர் விடுதியின் சமையலறையைப் பல வருடம் கவனித்துக்கொண்டவள். இப்போது திருவையாற்றில் வீட்டோடு இருக்கிறேன். விடுதிக் கணக்கு வீட்டுக்கு அப்படியே பொருந்தாது, அதனால் வீட்டில் செய்து பார்த்து நிலைத்ததை மட்டும் சொல்கிறேன். அம்மாவின் சர்க்கரை விஷயத்தில் அளவுகளை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பொதுவாக எல்லாரும் ஒப்புக்கொள்வதை மட்டும் அங்கங்கே தொடுகிறேன்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை விஷயம். எல்லாவற்றையும் அன்றைக்கே சமைத்துவைப்பது நமக்கு ஒத்துவராது. ருசி ஒரு காரணம். பொரியல் மறுநாளே துவண்டுவிடும், தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு இரண்டாம் நாளே வாடை காட்டும். அதைவிடப் பெரிய காரணம் சாதம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். சாதம் கொதிக்கும் சூட்டையும் அவை தாங்கும். வடித்த சாதம் வெதுவெதுப்பாக மேடையில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. இதில் சந்தேகமே இல்லை. உணவுப் பாதுகாப்பில் பொதுவாகச் சொல்லும் விதி, 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் சமைத்த பண்டம் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. வெளியில் 32 டிகிரியைத் தாண்டினால் அதுவே 1 மணி நேரம். சித்திரை, வைகாசியில் நம் ஊர்ச் சமையலறை மதியத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எனவே சாதத்தை அன்றன்றைக்கு வடிப்பதே சரி. மிஞ்சினால் அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிப் பழையதாக்குவது வேறு விஷயம். அங்கே லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பேறுகிறது. ஆனால் அதுவும் ராத்திரி ஊற்றி மறுநாள் காலையில் சாப்பிடுவதற்குத்தான், இரண்டு நாள் வைத்திருப்பதற்கு இல்லை.

அப்படியானால் எதை முன்கூட்டிச் செய்யலாம்? நான் வேலைகளை மாதம், வாரம், நாள் என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். மாதத்துக்கு ஒருமுறை செய்பவை பொடிகள்: குழம்புப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, பருப்புப் பொடி. இவற்றில் பருப்புப் பொடியை எந்த வீடும் இல்லாமல் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. துவரம்பருப்பைப் பொன்னிறமாக வறுத்து, கொஞ்சம் பொட்டுக்கடலை, மிளகு, மிளகாய் வற்றல், பெருங்காயம், உப்பு சேர்த்துத் திரித்துவைத்தால், சூடான சாதம், நல்லெண்ணெய், சுட்ட அப்பளம் என்று பத்து நிமிஷத்தில் ஒரு ராத்திரி கடந்துவிடும். பார்சலோடு நேருக்கு நேர் போட்டி போடக்கூடியது அதுதான். வாரத்துக்கு ஒருமுறை செய்பவை மாவு, புளிக்கரைசல், தேங்காய்த் துருவல், வெங்காயம் பூண்டு உரிப்பது, ஒரு வற்றல் குழம்போ புளிக்காய்ச்சலோ. தினமும் செய்ய வேண்டியது சாதம், காய், தாளிப்பு. இந்த மூன்றாவது பகுதியை முக்கால் மணி நேரத்துக்குள் அடக்கிவிட்டால் உங்கள் காலை சரியாகிவிடும்.

புளிக்கரைசலைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தினமும் காலையில் புளியை ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுவதில் போகும் நேரம் யார் கணக்கிலும் வருவதில்லை. வாரத்துக்கு வேண்டிய புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, உப்பும் மஞ்சள் தூளும் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறியதும் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். ஈரக் கரண்டி போடாமல் இருந்தால் போதும். தேங்காய் இரண்டைத் துருவி, ஒரு நாளைக்கு ஆகும் அளவாகச் சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரிட்ஜின் மேலே உறைய வைக்கும் அறையில் வையுங்கள். பெரிய டப்பாவில் மொத்தமாக வைத்தால் கல்லாகிவிடும், தினமும் அதை எடுத்து உடைத்துத் திரும்ப வைப்பதில் கெட்டும் போகும்.

வற்றல் குழம்பு நம் பக்கத்துச் சமையல் நமக்கு விட்டுப்போயிருக்கும் பெரிய வசதி. சுண்டைக்காய், மணத்தக்காளி, மிளகுக் குழம்பு எதுவானாலும் புளியும் உப்பும் எண்ணெயும் தூக்கலாக, தேங்காயும் காயும் இல்லாமல் சுண்டவைத்தது ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள் நிற்கும், மறுநாள் ருசியும் கூடும். முருங்கைக்காயோ கத்தரிக்காயோ போட்ட புளிக்குழம்பை அதே கணக்கில் சேர்க்காதீர்கள், அது இரண்டு நாளைக்குத்தான்.

இப்போது வாரத் திட்டத்துக்கு வருகிறேன். திங்கள் கத்தரிக்காய் சாம்பார், செவ்வாய் வெண்டைக்காய்ப் பொரியல் என்று காய் பெயரோடு எழுதும் திட்டம் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காது. அந்த வாரம் கத்தரிக்காய் விலை ஏறியிருக்கும், அல்லது சொத்தையாக இருக்கும், அல்லது பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் இருந்து ஒரு பை அவரைக்காய் வந்துவிடும். எழுதியதற்காகவே விலை கொடுத்து வாங்குவீர்கள், வந்தது அழுகும். அதனால் எந்த நாளைக்கு என்ன குழம்பு வகை என்பதை மட்டும் நிலையாக வையுங்கள், காயின் இடத்தைக் காலியாக விடுங்கள். சந்தைக்குப் போய்த் திரும்பிய பிறகு, வாங்கிவந்ததைப் பார்த்து அந்த இடத்தை நிரப்புங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் இதற்குத் துணை.

என் வீட்டில் நிலைத்திருக்கும் வாரச் சட்டம், அதாவது எந்த நாளில் என்ன வகை என்ற அமைப்பு, இப்படி. சனிக்கிழமை சாயங்காலமோ ஞாயிறு காலையோ காய் வாங்குவது. திங்கட்கிழமை கீரை மசியல், கூடவே ஞாயிறு அன்று வைத்த வற்றல் குழம்பு. கீரைக்குப் பருப்பு வேகவைக்கும்போது இரண்டு நாளைக்கும் சேர்த்து வேகவைத்து, பாதியை ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். செவ்வாய்க்கிழமை அந்தப் பருப்பில் சாம்பார், ஏதாவது ஒரு பொரியல். புதன்கிழமை மோர்க்குழம்பும் உசிலியும், ஏனென்றால் அதற்குள் வீட்டில் தயிர் புளித்திருக்கும். வியாழக்கிழமை மறுபடி இரண்டு நாள் பருப்பு, அன்றைக்கு ரசமும் பொரிச்ச கூட்டும், வெள்ளிக்கிழமை பரங்கியோ வெள்ளைப் பூசணியோ போட்ட சாம்பார். சனிக்கிழமை மிச்ச நாள். கூடையில் ஒன்றும் இரண்டுமாகக் கிடக்கும் காய் அத்தனையும் கதம்பமாகக் குழம்பில் விழும், இல்லாவிட்டால் கலந்த சாதமும் ஒரு துவையலும். ஞாயிறு மீனோ கறியோ, சைவ வீடென்றால் கொஞ்சம் நின்று செய்கிற மாதிரி ஒரு பிட்லையோ ரசவாங்கியோ. இப்படி வேலை நாட்களில் குழம்புக்கும் கூட்டுக்கும் இரண்டே முறைதான் பருப்பு வேகிறது, ஒரு காயும் வீணாவதில்லை. உங்கள் வீட்டுக்கு நாட்கள் மாறலாம். வெள்ளிக்கிழமை வெங்காயம் பூண்டு சேர்க்காத வீடு, செவ்வாய் விரதம் இருக்கும் வீடு என்று அவரவர் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே பருப்பு அடுத்தடுத்த இரண்டு நாளைக்கு ஓட வேண்டும் என்பதையும், கடைசி நாள் மிச்சத்தைத் தீர்க்க வேண்டும் என்பதையும் மட்டும் மாற்றாதீர்கள்.

ஃப்ரிட்ஜில் காய் அழுகுவதற்குப் பெரும்பாலும் வாங்கிய அளவு காரணம் இல்லை, எடுக்கும் வரிசைதான் காரணம். கீரை, கொத்தமல்லி, வாழைப்பூ, முருங்கைக்கீரை இவை முதல் இரண்டு நாளில் தீர வேண்டும். அடுத்தது வெண்டை, கத்தரி, புடலை, பீர்க்கை. அதற்கடுத்தது அவரை, கொத்தவரை, பீன்ஸ், கோஸ், கேரட். கடைசியில் பரங்கி, பூசணி, சேனை, வாழைக்காய், உருளை. வெட்டாத பூசணி ஃப்ரிட்ஜ் இல்லாமலே வாரக்கணக்கில் இருக்கும். இந்த வரிசையைப் பார்த்துவிட்டு மேலே சொன்ன சட்டத்தை இன்னொரு தடவை பாருங்கள், திங்கள் கீரையும் வெள்ளி பரங்கியும் ஏன் என்று புரியும். கீரையைக் கழுவிவைக்காதீர்கள். ஆய்ந்து, ஈரம் இல்லாமல் பருத்தித் துணியில் சுற்றிவைத்து, சமைக்கும்போது கழுவுங்கள். அவரை, பீன்ஸ், கேரட் முந்தின நாள் ராத்திரி நறுக்கிவைக்கலாம். வாழைக்காய், கத்தரிக்காய் வேண்டாம், கறுத்துவிடும். வாழைப்பூவை மட்டும் முந்தின ராத்திரியே நரம்பு எடுத்து மோர்த் தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால், காலையில் உசிலி செய்ய யாரும் பயப்பட மாட்டார்கள். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் படுகை முழுக்க வாழை நிற்கிறது, தண்டும் பூவும் இங்கே மற்ற காயை விட மலிவு. ஆய்வதற்குச் சோம்பி அதை விட்டுவிட்டு, வெளியூரில் இருந்து லாரியில் வரும் காலிஃப்ளவருக்குக் காசு கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டை மாவுதான் தாங்குகிறது. ஞாயிறு மதியம் ஊறப்போட்டுச் சாயங்காலம் அரைத்தால், திங்கள் இட்லி, செவ்வாய் இட்லியோ தோசையோ, புதன் தோசை, வியாழன் வெங்காய ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ. நாலு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் என்பது பொதுவான அளவு, உளுந்தின் தரத்தைப் பொறுத்துக் கூட்டிக் குறைக்கலாம். வெயில் காலத்தில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழிக் குளிரில் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும், ஆகவே அரைக்கும் நேரத்தை மாதத்துக்குத் தகுந்த மாதிரி நகர்த்துங்கள். பொங்கிய மாவு முழுவதையும் ஒரே பாத்திரத்தில் வைத்துத் தினமும் கரண்டி போடாமல், இரண்டாகப் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் புளிப்பு மெதுவாக ஏறும். வெள்ளிக்கிழமைக்கு அடை அல்லது பயத்தம் தோசை. இரண்டும் காலையில் ஊறவைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் அரைத்து உடனே ஊற்றலாம், பொங்கக் காத்திருக்க வேண்டாம். அம்மாவுக்கும் இவை நல்லது. சோற்றைக் குறைத்து இட்லி சாப்பிட்டால் சர்க்கரைக்கு நல்லது என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள், ஆனால் இட்லியிலும் பெரும்பங்கு அரிசிதான். பருப்பு மிகுந்த அடை, தட்டில் கூடுதலான காய், அளவான சோறு என்ற திசை சரி என்பதில் சந்தேகம் இல்லை. எத்தனை அடை, எவ்வளவு சோறு என்பது அவருடைய மருந்தையும் பரிசோதனை முடிவையும் பார்க்கும் மருத்துவர் சொல்ல வேண்டியது. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி சாப்பிட்டால் சர்க்கரை இறங்கிவிடும் என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தவிட்டோடு இருப்பதால் நார்ச்சத்து கூடுதல், அது உண்மை. அதற்காக அளவில்லாமல் சாப்பிட முடியாது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறலும் வரும், அதனால் மூட்டையாக வாங்காமல் கிலோ கணக்கில் வாங்குங்கள்.

பணத்துக்கு வருவோம். எவ்வளவு வாங்குவது என்று தெரியாமல் வாங்குவதால்தான் ஒரு வாரம் மிஞ்சுகிறது, ஒரு வாரம் போதவில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறி கீரை சேர்த்து 400 கிராம், பருப்பு வகை 85 கிராம், எண்ணெய் கொழுப்பு 27 கிராம் என்று சொல்கிறது. முட்டை, மீன், கறி சாப்பிட்டால் அதுவும் அந்த 85 கிராமுக்குள்தான். உங்கள் வீட்டில் ஐந்து பேர், பிள்ளைகள் சின்னவர்கள் என்பதால் நாலு பெரியவர்கள் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 1.6 கிலோ காய், வாரத்துக்கு 11 கிலோ. மாதத்துக்கு 30 கிலோ அரிசியும் கோதுமையும், ஏறக்குறைய மூன்றரை லிட்டர் எண்ணெய். பருப்பும் பயறும் மாதம் 10 கிலோ வரை போகலாம், மீனும் முட்டையும் வாங்கும் அளவுக்கு அது குறையும். இது தோராயக் கணக்குதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் இதோடு ஒப்பிட்டால் அரிசியும் எண்ணெயும் கூடுதலாகவும், காயும் பருப்பும் குறைவாகவும் இருக்கும். 11 கிலோ காயை ஒரே நாளில் வாங்கிக் குவிக்க வேண்டாம். கெட்டிக் காய்களையும் திங்கட்கிழமைக் கீரையையும் வாரத்துக்கு ஒருமுறை உழவர் சந்தையில் வாங்குங்கள், மேற்கொண்டு வேண்டிய கீரையையும் வெண்டையையும் வார நடுவில் வேலை விட்டு வரும் வழியில் ஒரு தடவை வாங்கிக்கொள்ளுங்கள்.

டெல்டாவில் இருப்பதன் லாபம் உளுந்திலும் பயறிலும் இருக்கிறது. தை மாதம் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு, நெற்பயிர் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்தும் பச்சைப் பயறும் தெளிப்பார்கள். பங்குனி வாக்கில் அது வீட்டுக்கு வரும். அந்தச் சமயத்தில் தெரிந்த விவசாயியிடம் வருடத்துக்கு வேண்டிய உளுந்தை வாங்கி, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, உடைத்துப் பருப்பாக்கி, காற்றுப் புகாத டின்னில் போட்டுவிடுங்கள். முழு உளுந்தில் வண்டு முட்டையிட்டுத் துளைப்பது அதிகம், உடைத்ததில் குறைவு. புது உளுந்து மாவு காணும் அளவும் வேறு, கடையில் வாங்கும் பழைய உளுந்தைவிட நன்றாகப் பொங்கும். அரிசியில் இது தலைகீழ். சாப்பாட்டுக்குப் பழைய அரிசிதான் உதிரியாக வரும். புது நெல் அரிசி குழையும், தண்ணீர் குறைத்து வைக்க வேண்டும். அறுவடை சமயத்தில் மலிவாகக் கிடைத்து வாங்கினால் ஆறு மாதம் கழித்துத்தான் மூட்டையைப் பிரிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஷனை மதிக்காமல் விடுகிற வீடுகள் பல. அரிசி அட்டைக்குத் தமிழ்நாட்டில் 2011 ஜூனில் இருந்து அரிசிக்கு விலை இல்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்தப் புழுங்கலரிசி சாப்பாட்டுக்குப் பிடிக்காவிட்டாலும் மாவுக்கு நன்றாகவே இருக்கும். அதில் சில சமயம் சில மணிகள் நிறம் மாறி, கழுவும்போது மிதக்கும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிகிறார்கள். அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி, நூற்றுக்கு ஒரு பங்கு கலப்பது. எறிய வேண்டாம், களைந்து களைந்து சத்தைப் போக்கவும் வேண்டாம்.

மீன் வாங்கும் வீடானால் நாட்காட்டியைப் பார்த்துத் திட்டமிட வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. பழையாறு, பூம்புகார், தரங்கம்பாடியில் இருந்து உங்களுக்கு வரும் மீன் அப்போது குறைந்து விலை ஏறும். அந்த இரண்டு மாதம் ஞாயிறுக்கு ஏரி குளத்துக் கெண்டை, முட்டை, கருவாட்டுக் குழம்பு என்று மாற்றிக்கொண்டால் செலவு ஏறாது. மற்ற நாட்களில் வஞ்சிரத்துக்குப் போவதை விட மத்தி, நெத்திலி, சங்கரா வாங்குவது கொடுக்கும் காசுக்குத் தகும். இரண்டு வேளைக்கு வாங்கினால் அன்றைக்கே கழுவி, ஒரு பாதியை மஞ்சள், மிளகாய்த் தூள், உப்பு தடவி உறைய வைத்து, பத்து நாளைக்குள் வறுத்துவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இன்னொரு நெருக்கடி வரும். கீரை தண்ணீரில் அழுகும், தக்காளி வெங்காயம் விலை ஏறும். சேனை, சேப்பங்கிழங்கு, வாழைக்காய், வற்றல், புளி ரசம் இவற்றை வைத்து அந்த மாதங்களின் சட்டத்தைத் தனியாகவே எழுதிவையுங்கள். கோடையில் வெயிலில் சுண்டைக்காயும் கொத்தவரையும் வற்றல் போட்டு வைத்திருந்தால் அப்போது கை கொடுக்கும்.

எரிவாயுவும் நேரமும் ஒன்றாகவே மிச்சமாகும். துவரம்பருப்பை அரை மணி ஊறவைத்தால் வேகும் நேரம் நன்றாகக் குறையும். குக்கர் அடுக்கில் கீழே பருப்பு, மேலே அரிசி, பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வேண்டுமென்றால் அதற்கும் மேல் ஒரு கிண்ணம் என்று ஒரே அடுப்பில் முடித்துவிடலாம். விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள், தண்ணீர் கொதித்துவிட்ட பிறகு பெரிய தீ வைப்பதால் சீக்கிரம் வேகாது.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. மாதம் எத்தனை ரூபாய் மிச்சமாகும் என்று நான் தொகை சொல்ல மாட்டேன். உங்கள் பில்லைப் பார்க்காமல் யார் சொன்னாலும் அது ஊகம்தான். நாலு வாரத்துக்கு மளிகை, காய் மீன், பார்சல் என்று மூன்றாகப் பிரித்துச் செலவை எழுதுங்கள், குப்பைக்குப் போன காயையும் எழுதுங்கள். என் அனுபவத்தில் சேமிப்பில் பெரும்பங்கு பார்சலில் இருந்துதான் வருகிறது, காய் விலையில் பேரம் பேசுவதில் இருந்து இல்லை. முதல் சில மாதங்களில் பொடிச் சாமான், பிறகு மூட்டை அரிசி என்று செலவு கூடியே தெரியும், அதைப் பார்த்துக் கைவிட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் புதன்கிழமைதோறும் மோர்க்குழம்பை ஏற்றுக்கொள்வார்களா என்பதும் உங்கள் வீட்டில்தான் தெரியும். ஏற்காவிட்டால் அன்றைக்குக் கும்பகோணம் கடப்பாவோடு சப்பாத்தி வையுங்கள், பயத்தம்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் போட்ட அதைப் பெரும்பாலும் யாரும் வேண்டாம் என்பதில்லை.

கேள்வியில் நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கத் தோன்றுகிறது. இந்தத் திட்டம் யார் மனதில் இருக்கப் போகிறது? ஒருவர் மட்டும் நினைவு வைத்துக்கொண்டு மற்றவர்களை ஏவும் வீட்டில் எந்தத் திட்டமும் நீடிப்பதில்லை. அவர் ஒரு நாள் தாமதமாக வந்தால் அன்றைக்குப் பார்சல்தான். வாரச் சட்டத்தை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ‘செவ்வாய்: பருப்பு இரண்டாம் தட்டில், புளி பாட்டிலில், புடலங்காய்’ என்று எழுதியிருந்தால், முதலில் வீடு சேர்பவர் அதைப் பார்த்து ஆரம்பிக்க முடியும். காய் நறுக்குவது, மாவு அரைப்பது, சந்தைக்குப் போவது இந்த மூன்றையும் நீங்கள் எடுத்துக்கொண்டு, குழம்பையும் தாளிப்பையும் மனைவி பார்த்துக்கொள்ளலாம், அல்லது மாற்றிச் செய்யலாம். பெரிய பிள்ளைக்கு வெங்காயம் உரிக்கவும் கீரை ஆயவும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவால் உட்கார்ந்தபடி செய்ய முடிந்தால் சனிக்கிழமை கீரை ஆய்வதில் அவரும் சேர்ந்துகொள்வார், அதை அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் மாவும் இரண்டு நாள் பருப்பும் மட்டும். அது பழகியதும் புளிக்கரைசலும் வற்றல் குழம்பும். மூன்றாவது மாதம்தான் மூட்டை அரிசி, உளுந்து. ஃப்ரீசர் வேண்டாம். மேலே சொன்னதில் உறைய வைக்க வேண்டியவை தேங்காயும் மீனும் மட்டும்தான், இரண்டும் சாதாரண ஃப்ரிட்ஜின் மேல் அறையில் அடங்கிவிடும். பெரிய ஃப்ரீசர் வந்தால் அதை நிரப்பத்தான் தோன்றும், மழைக்காலத்தில் மின்சாரம் நாள் கணக்கில் நின்றால் உள்ளே இருப்பதை நினைத்துக் கவலைப்பட வேண்டியிருக்கும். அந்தப் பணத்தில் குக்கருக்கு இன்னொரு அடுக்குப் பாத்திரம், ஒரு நல்ல கிரைண்டர், மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாக்கள் ஏழெட்டு வாங்குங்கள். கிரைண்டர் இரண்டு லிட்டர் கொள்வதாக இருக்கட்டும், சாய்த்து மாவு வழிக்கும் வகையாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரிய பிள்ளையே அந்த வேலையை முடித்துவிடும்.